ராபின்: பதிவைத் தன் கையில் வைத்துக்கொண்ட பாடகி

கேள்வி: ஸ்வீடனின் டிஸ்கோ பாப் பாடகி ராபினை எல்லோரும் சுயாதீனக் கலைஞர் என்கிறார்கள். ஆனால் வெளிநாடுகளில் அவர் பாட்டுகள் ஐலண்ட், இன்டர்ஸ்கோப் போன்ற பெரிய கம்பெனிகள் வழியாகத்தான் வந்திருக்கின்றன. அப்படியென்றால் எந்த அர்த்தத்தில் அவர் சுயாதீனம்? அவருடைய பயணத்தை விரிவாகச் சொல்ல முடியுமா? புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்:

நீங்கள் சொன்ன அந்தப் பெரிய பெயர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பெயரும் இருக்கும்: கொனிச்சிவா ரெக்கார்ட்ஸ். 2005-ல், 25 வயதில், ராபின் தானே தொடங்கிய லேபிள், அதாவது இசைப் பதிவு நிறுவனம் அது. பாட்டைப் பதிவு செய்வதும், எது வெளிவர வேண்டும் என்று முடிவெடுப்பதும் கொனிச்சிவாவின் வேலை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதைக் கடைக்கும் வானொலிக்கும் கொண்டு சேர்க்கும் வேலையை மட்டும் பெரிய கம்பெனிக்கு உரிமம் கொடுத்து ஒப்படைத்தார். சொந்த வீட்டின் மாடியை வாடகைக்கு விடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு வந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சுவரை இடித்துக் கட்ட முடியாது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு மாஸ்டர் என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒரு சொத்து, அது எழுதியவர்களுடையது. ஸ்டுடியோவில் பாடிப் பதிந்த அந்தக் குறிப்பிட்ட பதிவு இன்னொரு சொத்து. அதைத்தான் மாஸ்டர் என்பார்கள். வழக்கமான ஒப்பந்தத்தில் கம்பெனி முன்பணம் கொடுக்கும், பதிவுச் செலவைப் பார்த்துக்கொள்ளும், பதிலுக்கு மாஸ்டரை எடுத்துக்கொள்ளும். பாடகரின் பங்கிலிருந்து அந்தப் பணமெல்லாம் கழிந்த பிறகுதான் அவர் கைக்குக் காசு வரும். கடன் அடைந்தாலும் மாஸ்டர் திரும்பி வராது. அந்தப் பாட்டு எப்போது வர வேண்டும், வர வேண்டுமா என்பதே கூட அதை வைத்திருப்பவரின் முடிவு. ராபின் பத்து வருடம் இந்த ஏற்பாட்டுக்குள் இருந்து பார்த்தவர். அதனால்தான் வெளியே வந்ததும் முதலில் அதை மாற்றினார்.

சரி, ஆரம்பத்துக்குப் போவோம்.

ராபின் மிரியம் கார்ல்சன் 1979 ஜூன் 12 அன்று ஸ்டாக்ஹோமில் பிறந்தார். பெற்றோர் சொந்தமாக நாடகக் குழு நடத்தினார்கள். பள்ளியில் சேரும் வரை குழுவோடு ஊர் ஊராகப் போய் வளர்ந்த பிள்ளை. 12 வயதிலேயே ஸ்வீடன் தொலைக்காட்சியின் சிறுவர் விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்கு முகப்புப் பாட்டுப் பாடினார். அப்புறம் பாப் பாடகி மேயா, இசைப் பயிற்சி கொடுப்பதற்காக ராபின் படித்த பள்ளிக்கு வந்திருந்தபோது, ராபின் தானே எழுதிய பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினார். தன் அம்மாவும் அப்பாவும் பிரிந்ததைப் பற்றிய பாட்டு அது. மேயாவின் மூலம் விஷயம் கம்பெனிக்குப் போனது. 14 வயதில் ஒப்பந்தம்.

ஒரு சிறுமி, வீட்டில் நடந்த துக்கத்தைத் தானே பாட்டாகக் கட்டி, முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் நின்று பாடியதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராபினின் பிற்காலப் பாட்டுகள் எல்லாவற்றுக்கும் விதை அதில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

முதல் ஆல்பம் 'ராபின் இஸ் ஹியர்' 1995-ல் வந்தது. ஸ்டாக்ஹோமின் குங்ஸ்ஹோல்மன் தீவில் ஷெய்ரான் என்ற ஸ்டுடியோ இருந்தது. அதை நடத்திய டெனிஸ் பாப் முதலில் டிஜே. ஏஸ் ஆஃப் பேஸ் குழுவின் 'ஆல் தட் ஷி வான்ட்ஸ்' அவர் கைவண்ணம். அவரிடம் தொழில் கற்றவர்தான் மேக்ஸ் மார்ட்டின். இந்த இருவரோடு சேர்ந்து ராபின் செய்த 'டூ யூ நோ', 'ஷோ மீ லவ்' என்ற இரண்டு பாட்டுகளும் 1997-ல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 7-ம் இடம் வரை போயின. அப்போது அவருக்கு வயது 18. அடுத்த வருடம் பிரிட்னி ஸ்பியர்ஸின் முதல் பாட்டை இதே மேக்ஸ் மார்ட்டின் எழுதிக் கொடுக்க, ஸ்டாக்ஹோமில் தட்டிக் கொட்டி உருவாக்கிய அந்தப் பாணி உலகம் முழுக்கப் பரவியது. அது முதலில் சோதித்துப் பார்க்கப்பட்ட குரல்களில் ராபினுடையதும் ஒன்று என்பது பலருக்கு மறந்தே போய்விட்டது.

இடைவிடாத பயணத்தில் உடம்பு தளர்ந்து அவர் ஊர் திரும்பினார். 1998 ஆகஸ்டில் டெனிஸ் பாப் 35 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

1999-ல் வந்த இரண்டாவது ஆல்பம் 'மை ட்ரூத்'. அதில் இரண்டு பாட்டுகள் ராபின் செய்துகொண்ட கருக்கலைப்பைத் தொட்டுப் பேசின. அமெரிக்கக் கம்பெனி அவற்றை மாற்றச் சொன்னது. இவர் மறுத்தார். ஆல்பம் அமெரிக்காவில் வெளிவரவே இல்லை. இரண்டு வருடம் முன்னால் அங்கே உச்சிக்குப் போன பாடகியின் அடுத்த ஆல்பம் அது! மாஸ்டர் யார் கையில் என்ற கேள்வி வெறும் காசு விஷயம் இல்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அங்கிருந்து விலகி 2001-ல் ஜைவ் ரெக்கார்ட்ஸுக்குப் போனார். 2002-ல் பழைய கம்பெனியான பிஎம்ஜி, ஜைவின் தாய் நிறுவனத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. யாரிடமிருந்து கிளம்பி வந்தாரோ அவர்களிடமே மறுபடி போய்ச் சேர்ந்தார். அந்த வருடம் வந்த 'டோன்ட் ஸ்டாப் தி மியூசிக்' ஸ்வீடனில் நன்றாகவே ஓடியது. பாட்டுகளும் மோசமில்லை. ஆனால் கேட்டால் அவர் யாரோ தைத்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது போலத்தான் எனக்குத் தோன்றும்.

திருப்பம் வந்தது தி நைஃப் என்ற குழுவிடமிருந்து. காரின் ட்ரையர், ஓலோஃப் ட்ரையர் என்ற அக்கா தம்பி இருவர். சொந்த லேபிள், சொந்தச் செலவு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத இசை. ராபின் அவர்களோடு சேர்ந்து 'ஹூஸ் தட் கேர்ள்' என்ற பாட்டைச் செய்தார். கரகரப்பான சிந்தசைசர், விறைப்பான பீட், நடுவே கண்ணாடி போன்ற குரல். கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை. ராபினுக்கோ இத்தனை நாள் தேடியது கிடைத்துவிட்டது. அதோடு, தன் நகரத்திலேயே இரண்டு பேர் பெரிய ஆட்கள் யாரும் இல்லாமல் இதை நடத்திக் காட்டிக்கொண்டிருப்பதையும் கண்ணால் பார்த்தார். 2004-ல் தன் கையிலிருந்து பணம் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தார். அடுத்த வருடம் கொனிச்சிவா. ஓர் அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியில் வந்த வசனத்திலிருந்து எடுத்த பெயர்.

அந்த லேபிளின் முதல் ஆல்பத்துக்கு வெறுமனே 'ராபின்' என்று பெயர் வைத்தார். பத்து வருடம் பாடிய பிறகு முதல்முறையாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது போல. டெடிபேர்ஸ் குழுவின் க்ளாஸ் ஓலுண்ட் முக்கியக் கூட்டாளி. இன்று வரை அந்தக் கூட்டணி தொடர்கிறது. ஸ்வீடன் ஆல்பம் பட்டியலில் முதலிடம், 2006-ல் ஸ்வீடனின் கிராமிஸ் விருதுகளில் மூன்று.

அதிலுள்ள 'பி மைன்' பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். வயலினும் செல்லோவும் வெட்டி வெட்டி வேகமாக ஓடும். டிரம்ஸ் துள்ளும். மெட்டைப் பார்த்தால் கொண்டாட்டம். நடுவில் பாட்டை நிறுத்திவிட்டுச் சாதாரணமாகப் பேசுவார். உன்னை ஸ்டேஷனில் பார்த்தேன், பக்கத்தில் அவள், நான் உனக்குக் கொடுத்த ஸ்கார்ஃபை அவள் போட்டிருந்தாள், நீ குனிந்து அவள் ஷூ நாடாவைக் கட்டிவிட்டாய், இதுதான் சாரம். அழுகை இல்லை, குரல் உயரவில்லை. அந்த ஸ்கார்ஃபும் ஷூ நாடாவும் போதும். இவ்வளவு சின்ன விஷயத்தை வைத்து இவ்வளவு வலியைச் சொல்லும் பாப் பாட்டு எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

வெளிநாட்டுக் கதவைத் திறந்தது ஸ்வீடன் இசையமைப்பாளர் ஆந்திரியாஸ் க்ளீரூப்போடு சேர்ந்து செய்த 'வித் எவ்ரி ஹார்ட்பீட்'. 2007 ஆகஸ்டில் பிரிட்டன் பட்டியலில் முதலிடம். முறைப்படி பார்த்தால் இது முதலிடத்துக்குப் போகிற மாதிரிக் கட்டிய பாட்டே கிடையாது. வழக்கமான இடத்தில் பல்லவி வராது. நடுவில் பீட் முழுவதும் நின்று தந்தி வாத்தியங்கள் மட்டும் தனியே இழைந்துகொண்டிருக்கும். அப்புறம் பீட் திரும்ப வர, கடைசியில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லியே மனதைப் பிழிந்துவிடுவார். ஒரு கம்பெனிக் கூட்டத்தில் இதைப் போட்டுக் காட்டியிருந்தால் "பல்லவி எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதே காலத்தில்தான் ஐலண்ட், இன்டர்ஸ்கோப் எல்லாம் வருகின்றன. 2005-ல் ஸ்வீடனில் வந்த ஆல்பம் பிரிட்டனுக்கு 2007-லும் அமெரிக்காவுக்கு 2008-லும் போனது. 2008-ல் மடோனாவின் ஐரோப்பிய இசைப் பயணத்தில் சில ஊர்களில் அவருக்கு முன்னதாக மேடையேறிப் பாடினார்.

இப்போது 2010-க்கு வருவோம். இந்தப் பயணத்தில் நான் நின்று நிதானமாகப் பார்க்க விரும்பும் வருடம் இது. ஒரு ஆல்பம் போட்டுவிட்டு இரண்டு மூன்று வருடம் அதை வைத்தே ஊர் சுற்றுவதுதான் தொழிலின் வழக்கம். ராபினுக்கு அது பிடிக்கவில்லை. பாட்டுத் தயாரானதும் வெளியிட வேண்டும், மேடையும் ஸ்டுடியோவும் கூடவே ஓட வேண்டும் என்று நினைத்தார். ஜூனில் 'பாடி டாக்' முதல் பகுதி 8 பாட்டுகளோடு. செப்டம்பரில் இரண்டாம் பகுதி, அதிலும் 8. நவம்பரில் மூன்றாவதாகப் புதிய 5 பாட்டுகள். கூடவே மூன்றிலிருந்தும் பொறுக்கிய 15 பாட்டுகளோடு முழு ஆல்பம். இந்தத் திட்டத்தில் ஓர் அழகான விளையாட்டும் இருந்தது. 'ஹேங் வித் மீ' முதல் பகுதியில் பியானோவோடு மெதுவாக வரும். இரண்டாம் பகுதியில் அதே பாட்டு நடன இசையாகத் திரும்பி வரும். 'இன்டிஸ்ட்ரக்டிபிள்' இரண்டாம் பகுதியில் தந்தி வாத்தியங்களோடு, மூன்றாம் பகுதியில் பீட்டோடு. பாட்டின் எலும்பை முதலில் காட்டிவிட்டு அப்புறம் சதையைப் போர்த்துகிறார். பீட்டை எடுத்துவிட்டாலும் நிற்கிற பாட்டுகள்தான் இவை என்று கேட்பவருக்கே தெரிந்துவிடுகிறது.

முதல் பகுதியில் இருந்ததுதான் 'டான்சிங் ஆன் மை ஓன்'. பாட்ரிக் பெர்கரோடு சேர்ந்து எழுதியது. காட்சி இவ்வளவுதான்: ஒரு டிஸ்கோ. தான் விரும்பியவன் அங்கே வேறொரு பெண்ணோடு இருக்கிறான். இவள் மூலையில் நின்று பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே தனியாக ஆடுகிறாள். ஆரம்பத்திலிருந்தே பேஸ் சிந்தசைசர் ஓட்டமெடுத்த நெஞ்சு மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும். குரல் தளும்பும்; பேஸ் தளும்பாது. கடைசிப் பல்லவிக்கு முன்னால் டிரம் படபடவென்று வெடிக்கும்போது, அழுகையை அடக்கிக்கொண்டிருந்த ஒருவர் அடக்கிக்கொண்டே ஆடத் தொடங்குகிற கணம் அது.

டிஸ்கோவின் பழைய ரகசியமே இதுதான். 1970-களில் டோனா சம்மர், சில்வெஸ்டர் போன்றவர்கள் பாடிய காலத்திலிருந்தே, வெளியே இடம் கிடைக்காதவர்கள் வந்து நின்ற இடம் நடன அரங்கு. தன்பால் ஈர்ப்பாளர்களும் கறுப்பின மக்களும் அதை வளர்த்தார்கள். மகிழ்ச்சியான பீட்டின் அடியில் துக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ராபின் அந்த மரபைத் தெரிந்தே எடுத்துக்கொண்டவர். அதோடு ஸ்வீடன் மெட்டுகளில் எப்போதும் இருக்கும் மெல்லிய சோகமும் சேர்ந்துகொண்டது. ஸ்வீடனின் பழைய பாப் குழுவான அபாவின் பாட்டுகளிலேயே அதைக் கேட்கலாம்.

அந்தப் பாட்டு ஸ்வீடனில் அவருக்கு முதல் முதலிட சிங்கிள். பிரிட்டனில் 8-ம் இடம். அமெரிக்காவின் கிராமி விருதுக்குப் பரிந்துரையும் கிடைத்தது. ஆனால் அதன் உண்மையான வாழ்க்கை மெதுவாகத்தான் விரிந்தது. 2012-ல் 'கேர்ள்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் நாயகி தன் அறையில் தனியாக இதற்கு ஆடத் தொடங்கிய காட்சி பலரை இழுத்து வந்தது. பிரிட்டனின் கேலம் ஸ்காட் இதைப் பியானோ வைத்து மெதுவாகப் பாட, அந்த வடிவம் 2016-ல் அங்கே 2-ம் இடம் வரை போனது. அவர் நன்றாகவே பாடியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் பீட்டை எடுத்துவிட்டால் அது வெறும் சோகப் பாட்டாகிவிடுகிறது. அந்தப் பெண் ஆடுகிறாள் என்பதுதானே விஷயம்! 2021-ல் ரோலிங் ஸ்டோன் இதழ் எல்லாக் காலத்துக்குமான 500 பாட்டுகளின் பட்டியலைப் புதுப்பித்தபோது ராபினின் பதிவு 20-ம் இடத்தில் இருந்தது. மேலே சொன்ன இரண்டு சொத்துக் கணக்கு இங்கே வேலை செய்கிறது. வேறொருவர் பாடினால் எழுதியவர்களுக்கு மட்டும் காசு. ஒரு தொடரில் மூலப் பதிவையே போட்டால் மாஸ்டர் வைத்திருப்பவருக்கும் காசு. மெதுவாக வளர்கிற பாட்டுக்கு மாஸ்டர் கையில் இருப்பது எவ்வளவு பெரிய பலம் பாருங்கள்.

'கால் யுவர் கேர்ள்ஃப்ரெண்ட்' பற்றி ஒரு வரி மட்டும். அதன் வீடியோ வெட்டே இல்லாத ஒரே ஷாட். காலியான பெரிய கூடம், மாறிக்கொண்டே இருக்கும் விளக்குகள், புசுபுசுவென்ற ஸ்வெட்டரில் தனியாக ஒரு பெண். வேறு எதுவும் இல்லை, கண்ணை எடுக்கவும் முடியாது.

ஒரே வருடத்தில் மூன்று வெளியீடு செய்தவர், அடுத்த தனி ஆல்பத்துக்கு எட்டு வருடம் எடுத்துக்கொண்டார். இடையில் சும்மா இருக்கவில்லை. 2014-ல் நார்வேயின் ரோய்க்சாப் குழுவோடு 'டூ இட் அகெய்ன்', 2015-ல் 'லவ் இஸ் ஃப்ரீ'. அந்த இரண்டாவதில் கூட்டாளியாக இருந்த கிறிஸ்டியன் ஃபால்க், நெடுங்கால நண்பர், அது வெளிவருவதற்கு முன்பே 2014-ல் புற்றுநோயால் இறந்துவிட்டார். சொந்த வாழ்க்கையில் ஒரு பிரிவும் சேர்ந்துகொண்டது. ராபின் ஒதுங்கினார். உளப்பகுப்பாய்வுக்குப் போனார். ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்து பீட் கட்டுவதைத் தானே பழகினார். 'ஹனி' என்ற பாட்டின் ஒரு வடிவம் 2017-ல் 'கேர்ள்ஸ்' தொடரின் கடைசிப் பருவத்தில் ஒலித்ததும் ரசிகர்கள் எப்போது வரும் என்று நச்சரிக்கத் தொடங்கினார்கள். அவர் அசையவில்லை. இன்னும் மாற்றி, இன்னும் செதுக்கி, 2018-ல்தான் அந்தப் பாட்டையும், அந்த அக்டோபரில் அதே பெயரில் 9 பாட்டுகள் கொண்ட ஆல்பத்தையும் விட்டார்.

உங்கள் கேள்விக்கு என் நேரடியான பதில் இந்த இரண்டு செயலுக்கு நடுவில்தான் இருக்கிறது. ஒரு வருடத்தில் மூன்று வெளியீடு என்றால் பெரிய கம்பெனி வேண்டாம் என்றிருக்கும். எட்டு வருடம் தனி ஆல்பம் இல்லை என்றால் ஒப்பந்தத்தை நீட்டிக் காட்டியிருக்கும். இரண்டையும் ராபின் செய்ய முடிந்தது, ஏனென்றால் காலண்டர் அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது.

இதற்காக எல்லோரும் கம்பெனியை உதறிவிட்டு வந்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். ராபின் வெளியே வரும்போது அவருக்கு அமெரிக்க ஹிட்டுகள் இருந்தன, ஒப்பந்தத்தை விலைக்கு வாங்கப் பணம் இருந்தது, பத்து வருட அனுபவம் இருந்தது. கையில் ஒன்றும் இல்லாமல் தொடங்குபவரின் பாதை வேறு. ஸ்வீடனிலேயே சாலி ஷப்பீரோ என்ற புனைபெயரில் பாடுபவர் இருக்கிறார். யோஹன் ஆகெபியோர்ன் என்ற இசையமைப்பாளரோடு 2006-ல் 'டிஸ்கோ ரொமான்ஸ்' போட்டார். இத்தாலிய டிஸ்கோ பாணி, பனி விழுவது போன்ற குரல். உண்மைப் பெயரைச் சொல்வதில்லை, மேடையில் பாடுவதில்லை. 2016-ல் போதும் என்று நிறுத்தி, 2022-ல் 'சாட் சிட்டீஸ்' ஆல்பத்தோடு திரும்பினார். புகழையே வேண்டாம் என்று வைத்துவிட்டுப் பாடுவதும் ஒரு சுயாதீனம்தான்.

ராபின் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். 2013-ல் ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்குத் தன் பெரிய பரிசைக் கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக அந்தப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'டெக்லா' என்ற விழாவை 2015-ல் தொடங்கினார். 11 முதல் 18 வயது வரையுள்ள பெண் பிள்ளைகள் வந்து கருவிகளைத் தொட்டு, பிரித்து, புரோகிராம் எழுதிப் பழகும் விழா. 14 வயதில் தன் ஒலியைப் பெரியவர்கள் கையில் ஒப்படைத்த ஒருவர் இதைச் செய்திருக்கிறார் என்பது என்னை மிகவும் நெகிழ வைக்கிறது.

2024-ல் பிரிட்டிஷ் பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸின் '360' பாட்டின் மறுவடிவத்தில் வந்து போனார். 2025 நவம்பரில் 'டோபமின்' என்ற புதிய பாட்டு வந்தது.

எங்கிருந்து தொடங்குவது? முதலில் 'பி மைன்', அடுத்து 'வித் எவ்ரி ஹார்ட்பீட்'. அப்புறம் 'ஹேங் வித் மீ' பாட்டின் இரண்டு வடிவங்களையும் பியானோவில் தொடங்கி அடுத்தடுத்துக் கேளுங்கள். 'ஹனி' ஆல்பத்தை மட்டும் துண்டு துண்டாகக் கேட்க வேண்டாம். இழப்பில் தொடங்குகிற 'மிஸ்ஸிங் யூ' முதல், இனி இப்படி நொந்துபோக மாட்டேன் என்று முடிகிற 'எவர் அகெய்ன்' வரை வரிசையாக 40 நிமிடம் உட்காருங்கள்.

'டான்சிங் ஆன் மை ஓன்' பாட்டைக் கடைசியாக வையுங்கள். கேட்டு முடித்ததும் 2019 மார்ச்சில் நியூயார்க்கில் எடுத்த ஒரு சின்ன வீடியோவைத் தேடிப் பாருங்கள். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ராபினின் கச்சேரி முடிந்து, கூட்டம் கீழே சுரங்க ரயில் நிலையத்துக்கு இறங்கியிருக்கிறது. பிளாட்பாரத்தில் யாரோ அந்தப் பாட்டைத் தொடங்க, முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து பாடுகிறார்கள், ரயிலுக்குக் காத்திருந்தபடியே ஆடுகிறார்கள்.